ஊசியா, தொண்டைப் புண்ணா? டர்பனில் ஒரு குழந்தை நரம்பியல் ஆலோசனை நிலையம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து காரில் 20 நிமிடத் தொலைவில் உள்ள ஒரு தனியார் குழந்தை நரம்பியல் ஆலோசனை நிலையத்துக்குக் கடந்த ஜூலை முதல் இதுவரை 5 முறை என் மகனை அழைத்துச் சென்றிருக்கிறேன். அங்கே கிடைத்த சேவையைப் பற்றி விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மார்களில் இருவர், குழந்தையின் குணம் திடீரென்று மாறிவிட்டது, கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறான், கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறான் என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டார்கள். “ஊசி போட்டதால் வந்திருக்குமோ?” என்று இருவருமே கேட்டார்கள். நானும் அதே கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அந்த நிலையத்தின் படியேறினேன். மருத்துவர் தம் பெயரை எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் நிலையத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். குடும்ப மருத்துவரிடம் குழந்தை நரம்பியல் மருத்துவருக்கான பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கினால், இந்த ஊரில் உள்ள சில நிலையங்களில் ஒன்றுக்கு வழி கிடைத்துவிடும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு மே மாதம் 6 வயது நிறைந்தது. அந்த வயதில் போட வேண்டிய டெட்டனஸ், டிஃப்தீரியா ஊக்கத் தடுப்பூசியை மே 14 அன்று அரசு கிளினிக்கில் போட்டோம். கை ஒரு நாள் வலித்தது, அவ்வளவுதான். ஜூன் முதல் வாரத்தின் இறுதியில் அவனுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. பனடோ என்னும் காய்ச்சல் சிரப் கொடுத்தேன்; மூன்றாம் நாள் எழுந்து விளையாடினான். ஜூன் 22 இரவு, சோற்றை வாயில் வைத்தவன் துப்பிவிட்டு, தொண்டையில் சிக்கிக்கொண்டு செத்துப்போவேன் என்று அழுதான். மறுநாள் காலை பள்ளிக்குப் புறப்படுவதற்குள் 11 முறை கை கழுவினான். அந்த வாரத்திலேயே கண் சிமிட்டலும் தோள் குலுக்கலும் தொடங்கின. இரவில் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளாமல் உறங்க மறுத்தான். ஒரு வாரம் முன்புவரை மாமரத்தில் ஏறிக் குதித்த பிள்ளை அவன்.

என் மாமியாரை மகன் ஆயா என்று அழைப்பான். அவர் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். “ஊசி போட்ட பிறகுதானே பிள்ளை இப்படி ஆனான்” என்று அவர் சொன்னபோது எனக்கு மறுமொழி இல்லை. அவர் சொன்ன வரிசை உண்மைதான். ஊசி முன்னால்; மாற்றம் பின்னால். நாங்கள் பார்த்த ஒரு பொது மருத்துவர், பள்ளிக்கூட பயம், தானாகப் போய்விடும் என்று 5 நிமிடத்தில் அனுப்பிவிட்டார். அடுத்து உறவினர் ஒருவர் சொன்ன இயற்கை வைத்திய நிலையத்துக்குப் போனோம். அங்கே தடுப்பூசி நஞ்சை இறக்கும் சொட்டு மருந்து என்று 3 புட்டிகளை 1,850 ராண்டுக்கு விற்றார்கள். தடுப்பூசிக்கும் மன நோய்க்கும் தொடர்பு நிரூபணமாகிவிட்டது என்று ஓர் ஆய்வின் முதல் பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தையும் புட்டிகளையும் பையில் வைத்துக்கொண்டுதான், யாரோ ரத்து செய்த நேரம் கிடைத்து, ஜூலை 14 அன்று நரம்பியல் நிலையத்துக்கு வந்தோம்.

வரவேற்பறை சிறியது. நாற்காலிகள் போதவில்லை, 9.30க்குச் சொன்ன நேரம் 10.20 ஆனது. ஆனால் உள்ளே சென்ற பிறகு எங்களுக்காக 1 மணி 20 நிமிடம் ஒதுக்கப்பட்டது. அதில் ஒரு நிமிடமும் வீணாகவில்லை. மருத்துவர் முதலில் மகனிடம் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. மேசைமேல் நீளமான வெள்ளைத் தாளை விரித்து, இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தார். தடுப்பூசிகளைப் பதிந்து வைக்கும் குழந்தையின் ரோடு டு ஹெல்த் கையேட்டைக் கேட்டு வாங்கி, பிறந்த அன்று போட்ட பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி முதல் மே 14 ஊசி வரை ஒவ்வொன்றையும் தேதியோடு கோட்டின் மேற்பக்கத்தில் குறித்தார். கீழ்ப்பக்கத்தில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காது வலி, தொண்டைப் புண், மருந்துகள் ஆகியவற்றை என் நினைவிலிருந்து கேட்டு எழுதினார். பிறகு வீட்டில் நடந்தவற்றைக் கேட்டார். ஏப்ரலில் என் மாமனார் காலமானதை நான் சொல்லவே நினைத்திருக்கவில்லை. அதுவும் கோட்டில் ஏறியது. தாத்தா மூச்சுத் திணறி இறந்ததை மகன் பார்த்தானா என்று அவர் கேட்டபோதுதான், பார்த்தான் என்பது எனக்கே உறைத்தது.

பள்ளி நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றனவா என்பது அடுத்த கேள்வி. என் பையில் தமிழ் வகுப்பு நோட்டு மட்டும் இருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. மே மாதத்துப் பக்கத்தையும் ஜூன் கடைசி வாரத்துப் பக்கத்தையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். மே மாதத்தில் மகன் எழுதிய ழகரங்கள் அடிச்சுழி மூடி, கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தன. ஜூனில் எழுதியவை பெருத்தும் சிறுத்தும் கோட்டைவிட்டு இறங்கி, சுழி மூடாமல் நடுங்கிக் கிடந்தன. மூன்று இடங்களில் பென்சில் தாளைக் கிழித்திருந்தது. நான் அதைச் சோம்பல் என்று எண்ணித் திட்டியிருக்கிறேன். கையெழுத்து இப்படித் திடீரென்று கெடுவது இந்த நோய்க்குறிகளில் ஒன்று என்று அவர் சொன்னதும், திட்டியதை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு செவிலியரான சிஸ்டர் வந்தார். மகனிடம் சூலு மொழியில் வணக்கம் சொல்லிச் சிரிக்க வைத்து, தம் இரண்டு விரல்களை அவன் கையில் கொடுத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். பால் கறப்பதுபோல் பிடி இறுகியும் தளர்ந்தும் வந்தால் அது கோரியா என்னும் அசைவு நோயின் அடையாளமாம். நாக்கை நீட்டி 30 எண்ணும்வரை வைத்திருக்கச் சொன்னார். கைகளை முன்னால் நீட்டச் சொன்னார். மகனின் பிடி தளரவில்லை, நாக்கும் உள்ளே ஓடவில்லை. ஆனாலும் இதயத்துக்கு எக்கோ என்னும் ஒலியலைப் படம் எடுத்துவிடலாம் என்றார்கள். தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்தார்கள், இரத்தமும் எடுத்தார்கள்.

தொண்டைப் புண்ணுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். அவர் விளக்கியது என் மனத்தில் அப்படியே நிற்கிறது. தொண்டையைத் தாக்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் மேற்புறத்தில் உள்ள சில பொருள்கள் நம் உடலின் திசுக்களை ஒத்திருக்கின்றன. கிருமியை அழிக்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் சில குழந்தைகளில் ஆள் தெரியாமல் மூட்டையும் இதய வால்வையும் தாக்குகின்றன. அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். அதே தவறு, மூளையின் ஆழத்தில் அசைவையும் பழக்கத்தையும் கட்டுப்படுத்தும் பகுதியில் நேர்ந்தால், கை கால்கள் தாமாக ஆடும் சிடன்ஹாம் கோரியா வருகிறது. ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் 1686இலேயே விவரித்த நோய் இது. தொண்டைப் புண் ஆறிப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து வருவதால் பெற்றோருக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. கோரியா வந்த குழந்தைகளுக்குப் பிடிவாதமான எண்ணங்களும், திரும்பத் திரும்ப ஒன்றையே செய்யும் பழக்கமும், எரிச்சலும் சேர்ந்து வருவதுண்டு. தென்னாப்பிரிக்காவில் ருமாட்டிக் இதய நோய் இன்னும் இளம் உயிர்களைப் பறித்துக்கொண்டிருக்கிறது. அதை ஆப்பிரிக்காவிலிருந்து அகற்ற வேண்டுமென்று 2005இல் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் மருத்துவர்கள் கூடி அறிக்கை வெளியிட்டார்கள். நம் மாகாணத்து மலை அது. எனக்கு அன்றுவரை தெரியாது.

கோரியா இல்லாமல், ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயோ டிக்ஸ் என்னும் தன்னிச்சை அசைவுகளோ மட்டும் ஒரே இரவில் வெடித்துக் கிளம்பும் குழந்தைகளை அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சூசன் ஸ்வீடோவும் அவருடன் பணியாற்றியவர்களும் கவனித்து, 1998இல் 50 பேரைப் பற்றி எழுதினார்கள். பருவமடைவதற்கு முன் தொடங்குவது, திடீரென்று உச்சத்துக்குப் போவது, இடையிடையே தணிந்து மீண்டும் வருவது, ஸ்ட்ரெப் தொற்றோடு நேரம் பொருந்துவது என்பன அதன் அடையாளங்கள். அதற்குப் பாண்டாஸ் என்று பெயர் வைத்தார்கள். பின்னர் 2012இல், ஸ்ட்ரெப்தான் காரணம் என்று கட்டாயப்படுத்தாமல், திடீர்த் தொடக்கத்தையும் உணவு மறுப்பையும் முதன்மையாகக் கொண்ட பான்ஸ் என்னும் விரிந்த வரையறை வந்தது.

இந்த நிலையத்தை நான் மதிப்பதற்கான முதல் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெயர் கிடைத்ததும் என் மனம் அதைப் பற்றிக்கொள்ளப் பார்த்தது. மருத்துவர் விடவில்லை. இது இன்னும் மருத்துவர்களிடையே முடிவாகாமல் விவாதத்தில் உள்ள விஷயம் என்றார். இத்தகைய குழந்தைகளை மாதக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், நோய் மீண்டும் பெருகிய வேளைகளில் பெரும்பாலானவற்றுக்கு முன் ஸ்ட்ரெப் தொற்று எதுவும் காணப்படவில்லையாம். பள்ளிக்கூட வயதுக் குழந்தைகளில் பலர் எந்த நோயும் இல்லாமலே தொண்டையில் இந்தக் கிருமியைச் சுமந்து திரிவதால், மாதிரியில் கிருமி வளர்வது மட்டுமே எதையும் நிரூபித்துவிடாது என்றும் சொன்னார். அதே சமயம், டென்மார்க்கில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், ஸ்ட்ரெப் தொண்டைத் தொற்று உறுதியான குழந்தைகளுக்குப் பின்னாளில் எண்ணச் சுழற்சி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஸ்ட்ரெப் அல்லாத தொண்டைத் தொற்று வந்தவர்களுக்கும் மன நோய் வாய்ப்பு ஓரளவு உயர்ந்திருந்தது. 2019இல் அதே நாட்டிலிருந்து வந்த இன்னோர் ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான தொற்று வந்த குழந்தைகளுக்கு மன நோய் கண்டறியப்படும் வாய்ப்பு 84 விழுக்காடு கூடியிருந்தது; ஆனால் உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு குறைந்தது. அதாவது, குடும்பத்தின் மரபும் சூழலும் அந்தக் கணக்கில் கலந்திருக்கின்றன. ஒரு பக்கத்துக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், இரண்டையும் அவர் அதே தாளில் எழுதிக் காட்டினார்.

அடுத்ததாக, பையில் இருந்த அச்சுப் பக்கத்தை எடுத்து நீட்டினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. இந்த ஆய்வு தமக்குத் தெரியும் என்றார். அமெரிக்காவில் யேல், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்டது. 6 முதல் 15 வயதுக் குழந்தைகளின் 2002 முதல் 2007 வரையிலான காப்பீட்டுப் பதிவுகளை வைத்து, நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய மாதங்களில் தடுப்பூசி போட்டிருந்தார்களா என்று பார்த்தது. உணவு மறுப்பு நோய், எண்ணச் சுழற்சி நோய், பதற்ற நோய் உள்ள குழந்தைகளில் முந்தைய ஓராண்டில் ஃப்ளூ தடுப்பூசி போட்டவர்கள் சற்று அதிகமாக இருந்தார்கள் என்பது உண்மை. அவர் தம் கணினியில் அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியைத் திறந்து, என்னையே படிக்கச் சொன்னார். இது முன்னோட்ட ஆய்வுதான், காரண காரியத்தை நிரூபிக்கவில்லை, குடும்பங்கள் தடுப்பூசி அட்டவணையைத் தொடர வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். எனக்கு முதல் பக்கத்தைக் கொடுத்தவர்கள் அந்தப் பக்கத்தைக் கொடுக்கவில்லை. அடிக்கடி மருத்துவரிடம் போகும் குடும்பத்தில் ஊசியும் அதிகம் போடப்படும், நோயும் சீக்கிரம் கண்டறியப்படும். காப்பீட்டுப் பதிவுகளில் இந்தச் சிக்கலைப் பிரித்தெடுப்பது கடினம் என்று மருத்துவர் விளக்கினார்.

தடுப்பூசியால் மூளைக்கு எதுவுமே வராதா என்று கேட்டேன். இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலுக்காகவே முதல் வருகைக் கட்டணமான அந்த 2,600 ராண்டைக் கொடுக்கலாம். “வந்திருக்கிறது” என்றார். 2009ஆம் ஆண்டுப் பன்றிக் காய்ச்சல் பரவியபோது ஐரோப்பாவில் போடப்பட்ட பாண்டெம்ரிக்ஸ் தடுப்பூசிக்குப் பிறகு, சில குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் நார்கோலெப்சி என்னும் திடீர் உறக்க நோய் வந்தது. 2010 ஆகஸ்டில் ஸ்வீடனும் ஃபின்லாந்தும் அதைக் கவனித்து அறிவித்தன. ஃபின்லாந்தின் கணக்கில், 4 முதல் 19 வயதுக்குள் ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய 16,000 பேருக்கு ஒருவர். குறிப்பிட்ட மரபுக்கூறு உள்ளவர்களையே பெரும்பாலும் அது தாக்கியது. சீனாவில் பன்றிக் காய்ச்சல் பரவிய அலைக்குப் பிறகு, தடுப்பூசி போடாதவர்களிடமும் அதே நோய் கூடியது. ஆகவே கிருமியும் அதைத் தூண்டக்கூடும் என்று தெரிகிறது. தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசிக்குப் பிறகு, இரண்டாம் வாரத்தையொட்டி, 3,000 முதல் 4,000 ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவில் காய்ச்சல் வலிப்பு வருவதுண்டு. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பொதுவாகப் பின்விளைவு இல்லாமல் போய்விடும். ஊசியின் மருந்தால் அல்லாமல், ஊசியின்மேல் உள்ள அச்சத்தாலேயே மயக்கமும் நடுக்கமும் கைகால் செயலிழப்பும் வருவதுண்டு. 2014இல் கொலம்பியாவின் எல் கார்மென் தெ பொலிவார் நகரத்தில் பள்ளி மாணவியர் நூற்றுக்கணக்கில் அப்படி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் நடிக்கவில்லை, அந்தத் துன்பம் உண்மையானது என்று அவர் அழுத்திச் சொன்னார்.

ஆட்டிசத்தைப் பற்றி நான் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் எம்எம்ஆர் ஊசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி, 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் பிரிட்டன் அவரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கியது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில், எம்எம்ஆர் ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை.

ஆயா அன்று எங்களுடன் வந்திருந்தார். அவருக்காக மருத்துவர் தட்டம்மையைப் பற்றிச் சற்று நேரம் பேசினார். நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். நம் வீடுகளில் அம்மை என்பதே தெய்வத்தின் பெயர். வாசலில் வேப்பிலை செருகி, மாரியம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றி, அவள் இறங்கிப் போகும்வரை வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் வழக்கத்தைக் கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் இங்கும் கொண்டுவந்தார்கள். அந்த மரியாதைக்கு உரிய நோய்தான் அது. தட்டம்மை வந்த 1,000 குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவருக்கு மூளை வீக்கம் வருகிறது. இன்னும் சில குழந்தைகளில், கிருமி மூளைக்குள் பதுங்கிக் கிடந்து, 7 முதல் 10 ஆண்டுகள் கழித்து எஸ்எஸ்பிஇ என்னும் கொடிய நோயாக வெளிப்படுகிறது. முதலில் மதிப்பெண் குறையும், மறதி வரும், குணம் மாறும்; பள்ளியில் ஒழுங்கீனம் என்பார்கள், வீட்டில் மன நோய் என்பார்கள். பிறகு உடல் தூக்கித் தூக்கிப் போடும். அந்த நோயிலிருந்து மீள்பவர்கள் மிக அரிது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கணக்கிட்டபோது, 5 வயதுக்கு முன் தட்டம்மை வந்தவர்களில் 1,367 பேருக்கு ஒருவர், ஒரு வயதுக்கு முன் வந்தவர்களில் 609 பேருக்கு ஒருவர் என்று வந்தது. இறந்தவர்களின் மூளையில் கண்ட கிருமியை ஆராய்ந்தால் அது நோயாகப் பரவிய கிருமியாகவே இருக்கிறது. ஊசியில் உள்ள கிருமி அங்கே காணப்படவில்லை. கர்ப்பத்தில் தாய்க்கு ருபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தைக்கு ஆட்டிச இயல்புகள் வருவதை 1971இலேயே ஸ்டெல்லா செஸ் நியூயார்க் குழந்தைகளிடம் கண்டு எழுதினார். ஆயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தம் சிறுவயதில் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் அம்மை கண்ட பிறகு பேச்சை இழந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். 50 ஆண்டுகளில் எங்களிடம் சொல்லாத கதை.

என் மகன் விஷயத்தில் என்னதான் முடிவு என்று கேட்பீர்கள். தொண்டை மாதிரியில் ஏ பிரிவு ஸ்ட்ரெப் வளர்ந்தது. இரத்தத்தில் அந்தக் கிருமிக்கு எதிரான ஏஎஸ்ஓ, ஆன்டி-டிஎன்ஏஸ் பி என்னும் எதிர்ப்பொருள்களின் அளவுகள் இரண்டும் உயர்ந்திருந்தன. 3 மாதம் கழித்துப் பார்த்தபோது ஏஎஸ்ஓ ஏறக்குறைய பாதியாக இறங்கியிருந்தது. அதாவது, தொற்று அண்மையில் வந்தது என்பது உறுதி. அதுதான் இந்த மாற்றத்துக்குக் காரணம் என்பது பொருந்துகிறது, ஆனால் நிரூபணமாகவில்லை. எக்கோவில் இதயம் நன்றாக இருந்தது. மே 14 ஊசியைப் பற்றி, அந்தத் தடுப்பூசிக்கும் இத்தகைய நோய்க்கும் தொடர்பு காட்டும் சான்று இல்லை, 39 நாள் இடைவெளியும் நடுவில் வந்த தொற்றும் வேறு திசையைக் காட்டுகின்றன என்று தம் கருத்தை எழுதினார். எழுதியவர் அத்தோடு நிற்கவில்லை. தென்னாப்பிரிக்க மருந்து ஒழுங்குமுறை ஆணையமான சாப்ராவின் மெட் சேஃப்டி செயலியில் இந்த நிகழ்வை எங்கள் கண் முன்னாலேயே பதிவு செய்தார். தமக்கு நம்பிக்கை இல்லை என்பதற்காக ஒரு தாயின் சந்தேகத்தைப் பதியாமல் விடுவது தவறு, பாண்டெம்ரிக்ஸின் தீங்கு வெளிப்பட்டதும் இப்படிப் பதிந்தவர்களால்தான் என்றார். அந்தக் கணத்தில் என் மனத்திலிருந்த கோபம் கரைந்துவிட்டது. ஆயாவும் அதன் பிறகு ஊசியைக் குறை சொல்லவில்லை.

சிகிச்சை எளிமையானது. 10 நாள் பெனிசிலின். ஒரு வேளையும் தவறக் கூடாது என்று சிஸ்டர் இருமுறை சொன்னார். எண்ணச் சுழற்சிக்கு, அச்சத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் நடத்தைச் சிகிச்சை, உளவியலாளரிடம் 10 அமர்வுகள். முதல் அமர்வில் ஒரு பட்டாணியை விழுங்குவது, ஐந்தாவதில் அரை இட்லி, எட்டாவதில் கை கழுவாமல் ஒரு மாம்பழத் துண்டு. நான் வலையில் படித்திருந்த, எதிர்ப்பொருள்கள் அடங்கிய இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்தைக் கேட்டபோது, 1999இல் 30 குழந்தைகளிடம் செய்த சோதனையில் பலன் தெரிந்தது, 2016இல் 35 குழந்தைகளிடம் செய்ததில் வெற்று மருந்தைவிடச் சிறந்ததாகத் தெரியவில்லை, மகனுக்கு இந்த நிலையில் தேவையில்லை என்று மறுத்துவிட்டார். சொட்டு மருந்துப் புட்டிகளை என்ன செய்வது என்றேன். நிறுத்திவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். வாங்கியதற்காக ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்தால் இந்த விமர்சனத்துக்குப் பொருளில்லை. நடத்தைச் சிகிச்சைக்கு 7 வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கவளம் சோறு இறங்காத குழந்தையின் வீட்டில் 7 வாரம் என்பது மிக நீண்ட காலம். அந்த இடைவெளியில் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு பக்கக் குறிப்பாவது முதல் நாளே கொடுத்திருக்கலாம். நானாகத் தொலைபேசியில் கேட்ட பிறகே சொன்னார்கள். அவன் கேட்கும் ஒவ்வொரு முறையும் “சிக்காது கண்ணா” என்று உறுதி கூறுவதே சுழற்சியை வளர்க்கிறது என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். கணக்குப் பிரிவு இரண்டாம் வருகைக்கு இருமுறை பணம் எடுத்துவிட்டது; திரும்பப் பெற 3 வாரமும் 4 மின்னஞ்சல்களும் ஆயின. அறிக்கை முழுவதும் மருத்துவ ஆங்கிலத்தில் இருப்பதால், பள்ளி ஆசிரியைக்குக் கொடுக்க எளிய கடிதம் ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கடிதம் நன்றாக இருந்தது. கேட்காமலே தந்திருக்க வேண்டும்.

கட்டணம் முதல் வருகைக்கு 2,600 ராண்ட், அடுத்தடுத்த வருகைகளுக்கு 1,500 ராண்ட். எக்கோவும் ஆய்வகச் செலவும் தனி. எங்கள் மருத்துவக் காப்பீடான மெடிக்கல் எய்ட் ஒரு பகுதியைக் கொடுத்தது. அதிலுள்ள சேமிப்புக் கணக்கு ஆகஸ்டிலேயே தீர்ந்துவிட, மீதியைக் கையிலிருந்து போட்டோம். மெடிக்கல் எய்ட் இல்லாத குடும்பங்கள் மனம் தளர வேண்டாம். 1994 முதல் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசு மருத்துவம் இலவசம். அதற்கு மேற்பட்ட வயதில் அரசு மருத்துவமனைகளில் வருமானத்துக்கேற்ற கட்டணம். கிளினிக்கிலிருந்து பரிந்துரை பெற்றுப் பெரிய அரசு மருத்துவமனைகளின் குழந்தை நரம்பியல் பிரிவுக்குப் போகலாம். காத்திருப்பு அதிகமாக இருந்தாலும், தொண்டை மாதிரியும் பெனிசிலினும் கிளினிக் அளவிலேயே கேட்கக்கூடியவை. தொண்டைப் புண்ணோடு காய்ச்சல் இருந்து இருமலும் மூக்கொழுகலும் இல்லையென்றால், பனடோவோடு நிறுத்திவிடாமல் காட்டிவிடுங்கள். நான் காட்டவில்லை.

மகன் இப்போது சோறு சாப்பிடுகிறான். களைத்துப்போன நாள்களில் கண் சிமிட்டல் வருகிறது. ஜனவரியில் சளி பிடித்தபோது கை கழுவல் 4 நாள் கூடி மீண்டும் அடங்கியது. அந்தச் சளியில் ஸ்ட்ரெப் இல்லை என்று மாதிரி காட்டியது. கோட்டில் அதையும் குறித்தார்கள்.

போவதென்றால் ரோடு டு ஹெல்த் கையேடு, பள்ளி நோட்டுகள், நோய் தொடங்குவதற்கு முன்னும் பின்னும் எடுத்த வீடியோக்கள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கண் சிமிட்டலையும் தோள் குலுக்கலையும் கைப்பேசியில் எடுத்துவைத்திருந்தால், குழந்தை அங்கே அடக்கிக்கொண்டாலும் மருத்துவர் பார்த்துவிடுவார். காலை முதல் நேரத்தைக் கேளுங்கள். 11 மணிக்கு மேல் வாகனம் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. வீட்டுப் பெரியவர் யாருக்கேனும் ஊசியின்மேல் சந்தேகம் இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; மூன்றாவது நாற்காலி கேட்டால் சிஸ்டர் கொண்டுவந்து போடுகிறார்.